பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: முதல்முறை ஆடுபவருக்கு எந்த வடிவம்?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து அக்கா மகள் அரவேனுவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோத்தகிரியில் அந்த டிசம்பர் முழுக்க மழை விடவே இல்லை. எங்கோ ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து பாதி நாள் கரண்டும் இல்லை. மூன்றாம் நாள், "மாமா, நீங்க சின்ன வயசுல விளையாடின கேம் எதாச்சும் இருந்தா காட்டுங்க" என்றாள். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதை எந்த வடிவத்தில் அவள் கையில் கொடுப்பது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 1989ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இன்றைக்கு ஐந்தாறு உருவங்களில் கிடைக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அனுபவம் வேறு வேறு. அந்த இரண்டு நாளில் நான் ஆடிப் பார்த்ததையும், பிறகு அவள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் காட்ட நினைக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் எனக்கும் அதற்கும் உள்ள பழக்கம். 1996ல் குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்), வேர்ட்ஸ்டார், லோட்டஸ் கற்றுக்கொண்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். பிளாப்பிகளை ஓர் இரும்பு பீரோவில் அடுக்கி, உள்ளே 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார்கள். இந்த மலையின் ஈரம் அப்படி. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்த பிளாப்பியின் கறுப்புத் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும். கேமரா லென்ஸில் பிடிக்குமே, அதே பூஞ்சை. பல்புச் சூட்டில் வெதுவெதுப்பாக வெளியே வந்த ஒரு பிளாப்பியில்தான் பிரின்ஸ் இருந்தான்.

ஆளுக்கு ஒரு மணி நேரம் லேப். பயிற்சியை முடித்துக் காட்டிவிட்டு மிச்ச நேரத்தில் ஆடலாம். இளவரசனுக்கும் சரியாக ஒரு மணி நேரம்தான். சுல்தான் போருக்குப் போயிருக்கும் நேரத்தில் மந்திரி ஜாஃபர் ஆட்சியைப் பிடிக்கிறான். இளவரசியைக் கோபுரத்தில் அடைத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, 60 நிமிடத்தில் தன்னை மணக்கச் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு என்று சொல்லிவிட்டுப் போகிறான். நிலவறையில் தள்ளப்பட்ட ஓர் இளைஞன் அந்த மணல் தீர்வதற்குள் 12 லெவல் ஏறி வர வேண்டும். எனக்குக் கிடைத்தது 40 நிமிடம், அவனுக்கு வேண்டியது 60. அந்த வருடம் முழுக்க நான் முடிவைப் பார்க்கவே இல்லை. 2003ல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஒரு கார்த்திகை மாத இரவில், மூன்று நிமிடம் மீதி வைத்து முடித்தேன். கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

ஆகவே எந்த வடிவத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த 60 நிமிடம் அதில் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். செத்தால் அந்த லெவலின் ஆரம்பத்திலிருந்து மறுபடி வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் கடிகாரம் நிற்காது. உயிருக்குக் கணக்கில்லை, நேரத்துக்குக் கணக்கு உண்டு. இந்த ஆட்டம் கடினமானது என்று சொல்பவர்கள் முள்ளையும் வெட்டுக்கத்தியையும் காவலாளிகளையும் சொல்வார்கள். அவை எல்லாம் பத்து முறை பார்த்தால் பழகிவிடும். பழகும் வரை செலவான நிமிடங்கள்தான் திரும்பி வராது. முதல் நாள் ஐந்தாம் லெவல் வரை போவதற்கே 50 நிமிடம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அதே தூரம் 15 நிமிடத்தில் முடியும். வழியை மனப்பாடம் செய்து, ஓரங்களைச் சீவி, நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். வெறும் கைவேகத்தை மட்டும் கேட்கும் ஆட்டங்களிலிருந்து இது விலகி நிற்பது இதனால்தான்.

இரண்டாவதாகப் பார்ப்பது உடம்பு. அக்கா மகள் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே எரிச்சலோடு கேட்டாள்: "மாமா, நில்லுன்னா இவன் ஏன் உடனே நிக்க மாட்டேங்கிறான்?" சரியான கேள்வி. இந்த ஆட்டத்தைச் செய்த ஜோர்டன் மெக்னர் 1985ல் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்துதான் இளவரசனை உருவாக்கினார். அதனால் அவனுக்கு ஓர் ஆளின் எடை இருக்கிறது. ஓடத் தொடங்க நான்கு எட்டு வேண்டும், நிற்க இரண்டு எட்டு சறுக்கும், திரும்பும்போது உடம்பு சாயும். பட்டனை அழுத்தினால் அந்த அசைவு முடிந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பான். இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொல்லிவிட்டாள். அவள் அப்பா பச்சைத் தேயிலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். "அப்பா கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே கியர் மாத்திருவாங்க, உள்ள போயிட்டு மாத்தக் கூடாதும்பாங்க. அது மாதிரியா?" அதே மாதிரிதான். குழி வந்த பிறகு தாவ நினைத்தால் விழுவான். இரண்டு எட்டு முன்னால் விரல் முடிவெடுத்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரே நாளில் பிடிபட்டது.

விழுவதற்கும் அளவு உண்டு. ஒரு மாடி உயரம் விழுந்தால் ஒன்றுமில்லை. இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ச் சின்னம் குறையும். மூன்று மாடி என்றால் சாவு. தொடங்கும்போது இருப்பது மூன்று சின்னங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடந்தால் பூனை போல எட்டு வைத்து ஓரத்தில் சரியாக நிற்பான். முள்ளுக்கு நடுவே போக இது ஒன்றே வழி. விழும்போது ஷிஃப்டை அழுத்தினால் எதிர்ச்சுவரின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். மொத்த ஆட்டமும் இந்த ஷிஃப்ட் பட்டனில்தான் இருக்கிறது. மாற்று வடிவம் எதுவானாலும் இந்த அரை எட்டு சுத்தமாக வருகிறதா என்று முதல் லெவலிலேயே சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நம் நிலைமை. வீட்டில் இருந்தது அக்கா மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த மாடல். பல வருடம் ஆகிவிட்டதால் பேட்டரி 40 நிமிடம் தாங்கும். நெட் என்றால் ஃபோனிலிருந்து கொஞ்சம், அதுவும் மூடுபனி இறங்கினால் போய்விடும். பெரிய டவுன்லோடு எதுவும் நடக்காது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பழைய டாஸ் வடிவத்தை அப்படியே ஆடுவது ஒரு வழி. அசல் 1989 அக்டோபரில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது, பிரோடர்பண்ட் வெளியீடு. ஆப்பிள் 2 சந்தை அப்போது முடிந்துகொண்டிருந்ததால் முதலில் சரியாகப் போகவில்லை. 1990ல் டாஸுக்கும், பிறகு மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் வந்த பின்தான் உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் சென்டர்களுக்கு வந்து சேர்ந்ததும் டாஸ் வடிவமே. இன்றைக்கு டாஸ்பாக்ஸ் என்ற நிரலுக்குள் அதை ஓட்டலாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பிரவுசருக்குள்ளேயே ஆடவும் முடியும். பிரவுசரில் ஆடுவது ருசி பார்க்க நல்லது. பத்து நிமிடத்தில் இது நமக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும். ஆனால் ஜன்னலை மூடினால் சேமித்ததும் போய்விடும், நெட் அறுந்தாலும் சிக்கல். டாஸ்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அது சொந்த வீடு மாதிரி. மவுண்ட் கட்டளை தட்டி, டைரக்டரி மாற்றி, பிரின்ஸ் என்று அடித்து என்டர் தட்டும்போது வரும் மகிழ்ச்சி எனக்குப் பெரிது. ஆனால் அவளுக்கு அது வெறும் கதவுப் பூட்டு. பெட்டியில் வந்த பழைய பிரதியில் இன்னொரு பூட்டும் உண்டு. முதல் லெவல் முடிந்ததும் எழுத்து எழுதிய குடுவைகள் நிறைந்த ஓர் அறைக்குள் விடும். கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடிக்க வேண்டும், தவறாகக் குடித்தால் சாவு. திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்தது. சென்டரில் யாரிடமும் கையேடு கிடையாது. எங்களிடம் வந்தது அந்த அறையே இல்லாத பிரதி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆட்டத்தில் இப்படி ஓர் அறை இருந்தது என்று அறிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இதே டாஸ் வடிவத்தைப் பிரித்துப் படித்து, இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு வரி வரியாகத் திரும்ப எழுதிய ஒன்று இருக்கிறது. எஸ்டிஎல்பாப் என்று பெயர். ஆர்வலர்கள் செய்தது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அளவு சில எம்பிதான், ஃபோன் நெட்டிலேயே இறங்கிவிட்டது. என் தேர்வு இது. ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நாள் நான் இதற்கு எதிராகத்தான் இருந்தேன்.

எதிர்ப்புக்குக் காரணம் அதில் உள்ள எஃப்6, எஃப்9 பட்டன்கள். எஃப்6 அழுத்தினால் நிற்கும் இடத்திலேயே சேமிக்கும், எஃப்9 அழுத்தினால் அங்கேயே திரும்பும். பழைய ஆட்டத்தில் சேமிப்பது வேறு மாதிரி. மூன்றாம் லெவலிலிருந்துதான் கண்ட்ரோல், ஜி அழுத்திச் சேமிக்க முடியும். திரும்பி வந்தால் அந்த லெவலின் வாசலில் நிற்போம், ஓடிய நிமிடங்கள் ஓடியவைதான். அது கடிகாரத்தைத் தொடாத சேமிப்பு. எஃப்6 அதை உடைத்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் சேமித்து, விழுந்தால் திரும்பி, 60 நிமிடத்தைப் பைசா செலவில்லாமல் கடந்துவிடலாம் அல்லவா? ஆனால் செய்தவர்கள் என்னைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். அமைப்புகளில் நேரத் தண்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது இயங்கும்போது எஃப்9 அழுத்தி இடத்தைத் திரும்பப் பெறலாம், நேரத்தை முழுசாகத் திரும்பப் பெற முடியாது. சேமித்த பிறகு அரை நிமிடம் ஓடியிருந்தால் அந்த அரை நிமிடம் போனதுதான். அதற்கு மேல் எவ்வளவு ஓடியிருந்தாலும் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்ததும் என் தடை விலகியது. சாவுக்கு இன்னும் விலை இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை தாங்கக்கூடிய விலையாக அது குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மொத்த நேரத்தையே அமைப்புக் கோப்பில் மாற்றலாம். நான் அவளிடம் சொல்லாமல் 90 நிமிடம் வைத்துக் கொடுத்தேன். அது தவறு. இரண்டாம் லெவலில் ஸ்பேஸ் பட்டனைத் தட்டி மீதி நேரத்தைப் பார்த்தவள், "கதையில அறுபதுன்னு சொன்னீங்க, இங்க எழுபத்தொம்பது இருக்கு" என்று என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ரெண்டாவது லெவல் வந்தது கணக்குல வராது, முதல்ல இருந்து வைங்க" என்றாள். 60 வைத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குச் சலுகை தர நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சலுகை வேண்டுமென்றால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கரண்ட் போனாலும் இதில் பெரிய நஷ்டம் இல்லை. பேட்டரி அடியில் போகும்போது ஓர் எஃப்6, மூடி வைத்துவிட்டு அடுப்படியில் அக்காவோடு வர்க்கி சாப்பிடப் போகலாம். பழைய ஆட்டத்தில் இருந்த சின்னச் சின்னப் பிழைகளையும் திருத்தியிருக்கிறார்கள். அவற்றை நிறுத்திவிட்டு அசல் பிழைகளோடு ஆடவும் வழி உண்டு. பழைய வீட்டின் சாய்ந்த கதவுக்குப் பழகிய என் போன்றவர்களுக்காக அதையும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

சூப்பர் நின்டென்டோ என்ற டிவி கேம் கருவிக்கு 1992ல் வந்த வடிவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 20 லெவல், 120 நிமிடம். ஜப்பானில் ஆர்சிஸ் நிறுவனம் செய்தது, அமெரிக்காவில் கோனாமி வெளியிட்டது. சுவர்களும் தூண்களும் ஓவியம் மாதிரி இருக்கும். இசை தொடர்ந்து ஒலிக்கும். அசலில் பெரும்பாலும் மௌனம்தான். நம் காலடிச் சத்தமும், எங்கோ ஒரு கேட் இறங்கும் கடகடப்பும் மட்டும். இருட்டில் அந்தக் கேட் சத்தத்தை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஓடுவோம். இசை நிரம்பிய நின்டென்டோ வடிவத்தில் அந்தச் செவிக்கூர்மை எனக்கு மழுங்கியது போலத் தோன்றியது. ஆனால் அசலை முடித்தவருக்கு இதைவிட நல்ல அடுத்த படி கிடையாது. பழைய இடங்களை எதிர்பார்த்துப் போனால் புதிய அறைகள், புதிய பொறிகள். கடிகாரமும் அப்படியே இருக்கிறது, நேரம் இரட்டிப்பு, வேலையும் இரட்டிப்பு. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தொடர வேண்டும். முதல்முறை ஆடுபவருக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன். இரண்டு மணி நேரக் கடிகாரம் ஒரு பிள்ளைக்கு வெகுதூரத்தில் தெரியும். ஒரு மணி நேரம்தான் வயிற்றில் உணரக்கூடிய அளவு.

2007ல் கேம்லாஃப்ட் செய்து யுபிசாஃப்ட் வெளியிட்ட கிளாசிக் வடிவம் பழைய லெவல்களையே புதிய உருவில் வரைந்தது. இளவரசன் சுறுசுறுப்பானவன், சுவரில் உதைத்துத் தாவுவான். பார்க்க நன்றாக இருக்கிறது. எடை போய்விட்டது. பின்னால் ஃபோனுக்கும் இது வந்தது. தொடுதிரையில் அரை எட்டு வைப்பது என் விரலுக்கு வரவே இல்லை. பிரின்ஸ் என்று ஃபோனில் தேடினால் இன்றைக்கு வரும் பலவும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட வேறு ஆட்டங்கள். ஃபோனைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் ஒரு நண்பர் வீட்டுக் கீபோர்டில் ஞாயிறு மதியம் ஆடுவதே மேல் என்பேன்.

2003ல் வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யுபிசாஃப்டின் மான்ட்ரியல் கிளை செய்தது, மெக்னரும் உடன் இருந்தார். முப்பரிமாணம், சுவரில் ஓடுவான். அதில் இளவரசனிடம் ஒரு குத்துவாள் இருக்கும், பட்டனை அழுத்தினால் நேரம் பின்னால் ஓடும். விழுந்தவன் மேலே எழுந்து விளிம்பில் நிற்பான். எனக்கு மிகப் பிடித்த ஆட்டங்களில் ஒன்று. ஆனால் அது முதல் ஆட்டத்துக்கு நேர் எதிரான எண்ணம். போன நிமிடம் வராது என்பதன் மேல் கட்டிய ஆட்டத்துக்கு, போன நொடியைத் திரும்ப எடுக்கலாம் என்பதன் மேல் கட்டிய பதில். முதலாவதை ஆடி, நூறு முறை விழுந்து, ஒரு நொடி திரும்பக் கிடைக்காதா என்று ஏங்கியவர் கையில் அந்தக் குத்துவாள் வந்தால்தான் அதன் மதிப்பு தெரியும். நேராக அதில் தொடங்கினால் அது ஒரு வசதியான பட்டன், அவ்வளவே. வரிசையை மாற்ற வேண்டாம்.

2024 ஜனவரியில் வந்த தி லாஸ்ட் கிரவுன் இந்த வரிசையில் மிகப் பெரியது. யுபிசாஃப்டின் மான்ட்பெல்லியே கிளை செய்தது. கதாநாயகன் இளவரசன் இல்லை, சார்கோன் என்ற வீரன். கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிக் காஃப் மலைக்குப் போகிறான். பாரசீக மொழியிலேயே குரல்களைக் கேட்டுக்கொண்டு ஆடலாம். எத்தனை வருடம் கழித்து அந்தக் கதைக்கு அந்த மண்ணின் மொழி கிடைத்திருக்கிறது! எதிரியின் அடி எவ்வளவு வலிக்க வேண்டும் என்பது வரை நாமே வைத்துக்கொள்ளலாம். போக முடியாத இடத்தை அப்படியே படமெடுத்து வரைபடத்தில் குத்தி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது, ரொம்பப் புத்திசாலித்தனமான வேலை. இதுவும் கடினமான ஆட்டம்தான். ஆனால் 60 நிமிடக் கடிகாரம் கிடையாது. நேரம் கதைக்குள் இருக்கிறது, ஆடுபவர் தலைக்கு மேல் இல்லை. எங்கள் லேப்டாப் இதைத் திறக்கக்கூட முடியாது. கோயம்புத்தூரில் நண்பர் வீட்டில் இரண்டு வாரம் ஆடினேன். நல்ல கம்ப்யூட்டரும் நிறைய நேரமும் இருக்கும் பெரியவர் ஒருவர், பொறிகளும் தாவலும் பிடிக்கும், ஆனால் முதலிலிருந்து தொடங்கு என்றால் பொறுமை இல்லை என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

எஸ்டிஎல்பாபுக்குத் திரும்புகிறேன். அவள் நான்காம் லெவலுக்கு வந்த மாலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே நான்கு மணிக்கே இருட்டி, மிஸ்ட் ஜன்னல் வரை வந்து நின்றது. லெவலின் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், வந்த வழியில் முன்பு இல்லாத ஒரு நிலைக்கண்ணாடி நின்றுகொண்டிருக்கும். சுற்றிப் போக வழி கிடையாது. பின்னால் போய், ஓடி வந்து, கண்ணாடிக்குள்ளேயே தாவ வேண்டும். தாவினால் இந்தப் பக்கம் நாம் வெளியே வர, எதிர்ப்பக்கம் நம் நிழல் ஒன்று பிரிந்து ஓடும். உயிர்ச் சின்னம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மாமா, அது யாரு?"

அந்த நிழல் பிறந்த கதை எனக்கு இன்னும் வியப்பு. ஆப்பிள் 2ன் நினைவகத்தில் புதிதாக ஓர் எதிரியை வரைந்து வைக்க மெக்னருக்கு இடமே மிச்சமில்லை. இளவரசனின் படங்களையே ஒரு கணக்கின் மூலம் புரட்டிக் காட்டினால் வேறொரு உருவம் கிடைக்கும், கூடுதல் இடம் வேண்டாம் என்று கண்டுபிடித்தார். இடமில்லாத குறைதான் ஆட்டத்தின் ஆன்மாவாக ஆகிவிட்டது. ஐந்தாம் லெவலில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அந்த நிழல் குடித்துவிட்டுப் போகும். ஆறாம் லெவல் முடிவில் நம் கண்ணெதிரே கேட்டை மூடும். பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே நிற்கும். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுத மாட்டேன். தயவுசெய்து தேடியும் பார்க்காதீர்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க நான்கு மாலை ஆனது. அந்த நான்கு மாலையை யாரிடமிருந்தும் எடுத்துவிட எனக்கு மனமில்லை.

இதே காரணத்துக்காகக் குறுக்குவழிகளையும் அவளுக்குச் சொல்லவில்லை. சென்டரில் மேசை ஓரத்தில் யாரோ காம்பஸால் கீறி வைத்திருந்தார்கள்: பிரின்ஸ், இடைவெளி, மெகாஹிட். அப்படித் தட்டித் தொடங்கினால் லெவல் தாண்டலாம், உயிர் கூட்டலாம். அது இல்லாமலும் ஷிஃப்டும் எல்லும் அழுத்தி நான்காம் லெவல் வரை தாண்டிப் போக முடியும். ஆனால் தாண்டிய உடனே கடிகாரம் 15 நிமிடத்துக்கு இறங்கிவிடும். மெக்னர் குழு குறுக்குவழிக்கும் விலை வைத்திருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

என் பழைய பிளாப்பி 2001 வாக்கில் பூஞ்சைக்குப் போய்விட்டது. வீட்டு பீரோவில் பல்பு இல்லை. மெக்னரும் அசல் மூலநிரலைத் தொலைத்துவிட்டதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தார். 2012ல் அவர் அப்பா பழைய பெட்டி ஒன்றை அனுப்ப, அதற்குள் அந்த வட்டுகள் இருந்தன. பழங்கணினி தெரிந்த இரண்டு பேர் உதவியோடு அவற்றைப் படித்து எடுத்து, அந்த ஏப்ரலிலேயே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். 20 வருடத்துக்கு மேல் ஒரு பெட்டிக்குள் அவை கெடாமல் கிடந்தன என்று படித்தபோது குன்னூர் பீரோவும் அந்தப் பல்பும்தான் கண்ணில் வந்தது. அந்த அப்பா ஃபிரான்சிஸ்தான் ஆட்டத்துக்கு இசையும் அமைத்தவர். தம்பியின் உடல், அப்பாவின் இசை. ஒரு வீட்டு வேலை மாதிரி இருக்கிறது.

யார் எதை எடுக்கலாம் என்று கேட்டால், முதல்முறை ஆடும் பிள்ளைக்கும், பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கும், கரண்டை நம்ப முடியாத வீட்டுக்கும் நேரத் தண்டத்தோடு எஸ்டிஎல்பாப், 60 நிமிடம் மாறாமல். என்னைப் போல 90களில் ஆடி முடிக்காமல் விட்டவர் எஃப்6 பக்கமே போக வேண்டாம், கண்ட்ரோல், ஜி மட்டும் போதும். மனசில் இருக்கும் பழைய கணக்கு அப்போதுதான் தீரும். முடித்தவர் நின்டென்டோவுக்குப் போகலாம், அதற்குப் பிறகு 2003க்கு. லாஸ்ட் கிரவுனுக்கு வரிசை தேவையில்லை.

இதை எழுதும் இன்று அவள் அரவேனு திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. லேப்டாப்பைக் கையோடு கொண்டு போனாள். நேற்று ராத்திரி ஃபோன் செய்தாள். எட்டாம் லெவலில் கேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இனி வழியே இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்போது ஒரு வெள்ளை எலி ஓடி வந்து கேட்டைத் திறந்துவிட்டதாம். "இளவரசி அனுப்பினது மாமா, நடுவுல காட்டினாங்க, நான் அப்ப கவனிக்கல." மீதி எவ்வளவு என்று கேட்டேன். 19 நிமிடம். போதாது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை முதல் லெவலிலிருந்து தொடங்குகிறாளாம், மூன்றாம் லெவலில் மட்டும் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க ஒரு வழி பார்த்து வைத்திருக்கிறாளாம். என்ன வழி என்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.